டொர்னாடோ துரத்துவது பற்றி டல்லாஸிலிருந்து சில கேள்விகள்

செந்தில்_இர்விங்:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து வேலை மாற்றலாகி இப்போது டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன். போன ஏப்ரலில் ஒரு மாலை எலுமிச்சம்பழ அளவில் ஆலங்கட்டி கொட்டியதில் எங்கள் குடியிருப்பில் ஒரு கார்கூடத் தப்பவில்லை. மற்றவர்கள் இன்சூரன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது நான் பால்கனியில் நின்று, கிழக்கே நகர்ந்து போன அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இரவெல்லாம் டொர்னாடோ (மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று) வீடியோதான்.

மே மாதம் நானும் ஒரு நண்பரும் ஒரு வார இறுதியில் ஓக்லஹோமா பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். இதற்கு அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா? சனி, ஞாயிறு இரண்டே நாளில் ஒன்றாவது கண்ணில் படுமா? எவ்வளவு அருகில் போகலாம்? செடான் கார் போதுமா? "குடும்பஸ்தனுக்கு எதற்கு இந்த வேலை?" என்கிறார் மனைவி. அவருக்குச் சொல்ல ஏதாவது பதில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கோதுமைக்காடு (விசிட்டா, கான்சஸ்):

செந்தில் தம்பி, முதலில் என்னைப் பற்றி. விசிட்டாவில் ஒரு விமானத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். வானிலையில் பட்டம் எதுவும் கிடையாது. மே பிறந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு மேகத்தின் பின்னால் போகிற ஆள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டி ஓட்டுவார், நான் ரேடாரும் வரைபடமும் பார்ப்பேன். இரண்டையும் ஒரே ஆள் செய்யும் வண்டியில் நான் ஏறுவதில்லை.

அனுமதி: பொதுச் சாலையில் நின்று வானத்தைப் பார்க்க எந்த உரிமமும் தேவையில்லை. ஆனால் காரின் கூரையில் மஞ்சள் விளக்கைச் சுழல விட்டுக்கொண்டு போனாலும், வேக வரம்பும் நிறுத்தற்குறியும் நம்மைப் போன்றவர்களுக்கு மற்றவர்களுக்குப் போலத்தான். வேலி தாண்டி யாருடைய வயலிலும் இறங்காதீர்கள்.

இரண்டு நாளில் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் கிடைக்காது. அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோ பதிவாகிறது. அதில் பெரும்பகுதி பலவீனமானது, பத்து நிமிடம்கூட நிலைக்காதது. மழைக்குள் ஒளிந்து வருவது, இருட்டிய பின் வருவது, சாலையே இல்லாத இடத்தில் வருவது எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். சனி, ஞாயிறு என்று முன்கூட்டியே குறித்து வைத்தால் வானம் அதற்குக் கட்டுப்படாது. மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை ஒரு பத்து நாள் விடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வானிலை கூடி வருகிற நாளில் கிளம்புங்கள். நான் மே கடைசியைத்தான் விரும்புவேன். ஏப்ரலில் மேல்காற்று பலமாக இருப்பதால் மேகங்கள் நெடுஞ்சாலைக் கார் வேகத்தில் ஓடும், துரத்திப் பிடிக்க முடியாது. மே கடைசிக்குள் மேல்காற்று தணிந்து அவை நிதானமாக நகரத் தொடங்கும்.

வானிலை கூடுவது என்றால் என்ன? மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே ஏற வேண்டும். பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 15, 16 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. மேற்கே மேட்டு நிலத்திலிருந்து வறண்ட காற்று வந்து அதனோடு உரசும். அந்த எல்லைக்கோட்டில்தான் மேகம் கிளம்பும். தரையில் தென்கிழக்கிலிருந்தும் மேலே போகப் போக மேற்கிலிருந்தும் காற்று அடித்தால் மேலெழும் காற்று முறுக்கிக்கொண்டு சுழலத் தொடங்குகிறது. அதுதான் சூப்பர்செல். இத்தனையும் இருந்தாலும், ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெப்பமான காற்றடுக்கு மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும். அது உடைந்தால் ஆட்டம். உடையாவிட்டால் சூரியன் மறையும்வரை நீலவானத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

வீடியோக்கள் காட்டாத பகுதி இது. பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கோ மேற்கு ஓக்லஹோமாவில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டிருப்போம். தார் உருகும் வெயில். தென்கிழக்குக் காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றைக் கம்பத்தில் டங் டங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மேற்கே ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கூர்மையாக எழும். ஆசிரியர் சாவியைக் கையில் எடுப்பார். இருபது நிமிடத்தில் அதன் தலை பிய்ந்து, பஞ்சாகி, மறைந்துவிடும். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு காபி வாங்கப் போவார். மூன்றாவதோ நான்காவதோ எழுகிற மேகத்தின் விளிம்பு பிசிறாமல் நின்று, உச்சி தட்டையாக விரிந்தால்தான் வண்டியில் ஏறுவோம்.

காலையில் முதலில் பார்க்க வேண்டியது நார்மனில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையத்தின் வரைபடம். ஆபத்தை ஐந்து படியாகப் பிரித்திருப்பார்கள். டொர்னாடோவுக்குத் தனி வரைபடம் உண்டு. அதில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தப் பகுதியில் எந்த ஓர் இடத்தை எடுத்தாலும் அதைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் டொர்னாடோ வர அவ்வளவு வாய்ப்பு என்று பொருள். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் வானிலைக்காரர்கள் அன்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதியவர்கள் ஐந்தாம் படி நாளுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் அன்று போவதில்லை. மேகங்கள் வேகமாக ஓடும், ஒன்றோடொன்று கலந்து மழைச்சுவராகிவிடும், சாலையெல்லாம் கூட்டம். இரண்டாம், மூன்றாம் படி நாளில் தனியாக நிற்கும் ஒரே ஒரு சூப்பர்செல் போதும்.

எங்கே நிற்பது என்பதுதான் உங்கள் கேள்விகளில் முக்கியமானது. இங்கே மேகங்கள் பொதுவாக வடகிழக்கு நோக்கி நகரும். மழையும் பெரிய ஆலங்கட்டியும் முன்பக்கம், வடக்கிலும் வடகிழக்கிலும் கொட்டும். டொர்னாடோ இறங்குவது பெரும்பாலும் தென்மேற்கு மூலையில், மழை இல்லாமல் கறுத்துத் தட்டையாக இருக்கும் அடிப்பகுதியிலிருந்து. அதனால் மேகத்தின் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி நின்று வடமேற்கே பார்க்க வேண்டும். அங்கே நின்றால் வெளிச்சமும் கிடைக்கும், தெற்கே தப்பிக்க வழியும் கிடைக்கும். அடிப்பகுதியிலிருந்து ஒரு துண்டு இறங்கிச் சுவர் மேகமாகத் தொங்கி, மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் கண்ணை எடுக்காதீர்கள். உங்கள் முதுகிலிருந்து காற்று மேகத்தை நோக்கி வெதுவெதுப்பாக ஓடுவதை அப்போது உணரலாம். அது திடீரென்று நின்று, எதிர்ப்பக்கமிருந்து குளிர்ந்து அடித்தால் இடம் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எவ்வளவு அருகில் என்று கிலோமீட்டரில் சொல்ல மாட்டேன். நான் கணக்கிடுவது சாலையை வைத்து. கான்சஸிலும் ஓக்லஹோமாவிலும் மைலுக்கு ஒரு சாலை, சதுரங்கப் பலகை போல. வரைபடத்தில் பார்க்க சொர்க்கம். ஆனால் அதில் பாதி மண்சாலை. ஓக்லஹோமாவின் செம்மண் கால் மணி நேர மழையில் சோப்பாகிவிடும், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியே பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கும். கனடியன் ஆறு, சிவப்பு ஆறு போன்றவற்றின் மேல் பாலங்கள் தூரத்தூரத்தில்தான் இருக்கும். ஆற்றுக்கும் மேகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தும் முன் "தெற்கே தார்ச்சாலை இருக்கிறதா?" என்று ஆசிரியர் கேட்பார். "இருக்கிறது" என்று நான் சொன்னால்தான் இன்ஜினை அணைப்பார்.

ரேடார் செயலியை நம்பி மூக்கருகே போகாதீர்கள். ஒரு சுற்று முடிய நான்கைந்து நிமிடம் ஆகும், அதன்பிறகுதான் அது உங்கள் போனுக்கு வரும். மணிக்கு 50 கிலோமீட்டரில் நகரும் மேகம் அதற்குள் நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். கிராமப்புறத்தில் சிக்னலும் அடிக்கடி போய்விடும். வண்டிக்குள் காகித வரைபடம் ஒன்று இருக்கட்டும்.

ராஜகோபால் (ஹூஸ்டன்):

அம்மா, விவரமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் கேட்கிறேன். ஒரு ஊரே அழிந்துகொண்டிருக்கும்போது அதை நான்கு பேர் காரில் நின்று படம் எடுப்பது என்ன பொழுதுபோக்கு? எல் ரீனோவில் அனுபவசாலிகளே இறந்துபோனார்கள் என்று படித்தேன். இந்தப் பையனுக்கு "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே?

கோதுமைக்காடு:

ராஜகோபால் ஐயா, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

எல் ரீனோ, 2013 மே 31. ஓக்லஹோமா நகரத்துக்கு மேற்கே இறங்கிய அந்த டொர்னாடோவின் அகலம் 4.2 கிலோமீட்டர். இதுவரை பதிவானவற்றில் அதுதான் அகலமானது. மழைக்குள் மறைந்திருந்தது. தென்கிழக்காகப் போய்க்கொண்டிருந்தது வேகம் எடுத்து வடகிழக்கே திரும்பியது. டிம் சமாரஸ், அவருடைய மகன் பால், உடன் பணியாற்றிய கார்ல் யங் மூவரும் ஒரு கிராமச் சாலையில் காரோடு சிக்கி இறந்தார்கள். சமாரஸ் சாகசக்காரர் அல்லர். கல்லூரிப் பட்டம் இல்லாமலே பொறியாளராகி, டொர்னாடோவின் பாதையில் தரையோடு தரையாக வைக்கக்கூடிய கருவிகளைத் தானே வடிவமைத்தவர். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் அவர் வைத்த கருவியின் மேல் டொர்னாடோ ஏறிப்போனபோது காற்றழுத்தம் 100 மில்லிபார் சரிந்தது பதிவானது. அப்படிப்பட்டவருக்கே அன்று வெளியேற நேரம் கிடைக்கவில்லை என்பதால்தான் நான் மேலே சாலையைப் பற்றி அவ்வளவு எழுதினேன். அதே மாலை காரில் தப்பியோடலாம் என்று கிளம்பிய பொதுமக்களால் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. அந்த நெரிசலுக்குள் டொர்னாடோ புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் இங்கே பேசிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், செந்தில் கவனிக்கட்டும். துரத்துபவர்களைக் கொல்வது டொர்னாடோவைவிடச் சாலைதான். 2017 மார்ச்சில் டெக்சஸில் ஒரு குறுக்குச் சாலையில் இரண்டு துரத்தல் வண்டிகள் மோதி மூன்று பேர் போனார்கள். 2022 ஏப்ரலில் கான்சஸில் புயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஓக்லஹோமா பல்கலைக்கழக வானிலை மாணவர்கள் மூவர் வழியில் விபத்தில் இறந்தார்கள். நனைந்த சாலை, தூக்கம், மானைக் கண்டு போடும் பிரேக், இவைதான் எமன். அடுத்தது மின்னல். மேகம் அழகாக இருக்கிறது என்று முக்காலியை நட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

வேடிக்கை பார்ப்பது மட்டும்தானா என்றால், இல்லை. பூமி வளைந்திருப்பதால் ரேடாரின் கதிர் தூரம் போகப் போக உயரே போய்விடும். 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேகத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேலேதான் பார்க்கிறது. மேலே சுழல்கிறது என்று சொல்லும். தரையைத் தொட்டுவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் தேசிய வானிலை சேவை 'ஸ்கைவார்ன்' என்று தன்னார்வலர்களுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கிறது. டேவிட் ஹோட்லி என்பவர் 1956 முதல் புயல் துரத்தியவர், அவரும் பொழுதுபோக்காகத்தான் தொடங்கினார். 'சுவர் மேகம் சுழல்கிறது, இந்த ஊருக்கு இத்தனை மைல் மேற்கே' என்று நாங்கள் சொல்கிற ஒரு வரி, எச்சரிக்கை எழுதும் ஆளின் மேஜைக்குப் போகிறது. ஊருக்குள் இறங்கிவிட்டால் எங்கள் கேமரா பைக்குள் போய்விடும். ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு ஒதுங்குவோம், முதலுதவி தெரிந்தவர் இறங்கி உதவுவார்.

நேரலையில் பார்வையாளர் எண்ணிக்கைக்காக மழைக்குள் தலையை விடுகிற கூட்டத்தைப் பற்றி நீங்கள் என்ன திட்டினாலும் என் கையெழுத்தும் அதில் உண்டு.

வேதை_முகில்:

அக்கா, நான் வேதாரண்யம். கஜா புயலை வீட்டுக்குள் இருந்தே பார்த்தவன். நம் ஊரில் இதுபோல் புயல் துரத்த முடியுமா? டொர்னாடோ நம் பக்கம் ஏன் வருவதில்லை?

கோதுமைக்காடு:

முகில், நானும் பேராவூரணிப் பக்கம்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் என் மாமா தோப்பில் நின்ற தென்னை எத்தனை, விழுந்தது எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடற்புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், மணிக்கணக்கில் அடிக்கும். அதன் ஓரத்தில் நின்று பார்க்க இடமே கிடையாது. போனால் உள்ளே இருக்கிறீர்கள், காற்று நிற்கும்வரை வெளியே வர முடியாது. அதைத் துரத்துவது என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

சூப்பர்செல்லுக்கு உயரத்தில் பலமான மேல்காற்று வேண்டும். கோடையில் நம் பக்கம் ஈரமும் வெப்பமும் ஏராளம், அந்த மேல்காற்றுதான் இல்லை. அதனால் நம் கோடை இடிமழை மேலே எழுந்து, நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் மேல்காற்றும் கூடி வருகிற இடம் வங்காளம். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தவுலத்பூர், சாட்டூரியா பகுதியில் அடித்த டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலகிலேயே அதிக உயிர் குடித்தது அதுதான். உங்களுக்கு ஆர்வம் இருந்தால் காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சித்திரை வைகாசி மாலைகளில் மேற்கே எழும் மேகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் மேகம் படிக்கக் கற்றுக்கொண்டதும் மொட்டைமாடியில்தான்.

செந்தில்_இர்விங்:

அக்கா, மிக்க நன்றி. மனைவியிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். மாணவர்கள் விபத்து வரும் இடத்தில் எழுந்து போய்விட்டார். இன்னும் மூன்று கேள்விகள். மாட்டிக்கொண்டால் மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கலாமா? வீடியோவில் அப்படிச் செய்கிறார்களே. டொர்னாடோ நம்மை நோக்கி வருகிறதா என்று எப்படித் தெரியும்? எங்கள் செடானையே எடுத்துக்கொண்டு வரலாமா, அல்லது சுற்றுலா நிறுவனங்கள் மூலம் போவது நல்லதா?

கோதுமைக்காடு:

மேம்பாலத்தின் கீழ் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். 1991இல் கான்சஸில் எடுத்த ஒரு வீடியோவில் சிலர் அப்படித் தப்பியதைப் பார்த்து ஊரே அதை நம்பியது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் கீழே காற்று நெருக்கிக்கொண்டு இன்னும் வேகமாகப் பாயும், தகரமும் மரத்துண்டும் அதோடு வரும். நீங்கள் நிறுத்திய கார் பின்னால் வருகிறவர்களின் வழியையும் அடைத்துவிடும்.

டொர்னாடோ இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்கிறது என்றால் உங்களைக் கடந்து போகிறது. ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்து, பருத்துக்கொண்டே வந்தால் உங்களை நோக்கித்தான் வருகிறது. ஒரு மின்கம்பத்தையோ வேலிக்காலையோ குறியாக வைத்துப் பாருங்கள், சில நொடியில் தெரிந்துவிடும்.

செடான் போதும், தார்ச்சாலையை விட்டு இறங்காதவரை. டயர் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஆலங்கட்டி சேதம் பொதுவாக இங்கே 'காம்ப்ரிஹென்சிவ்' காப்பீட்டில் வரும், உங்களுடையதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். ஆலங்கட்டி என்றால் எலுமிச்சம்பழத்தோடு நிற்காது, 2010இல் தெற்கு டகோட்டாவின் விவியனில் விழுந்தது 20 சென்டிமீட்டர் குறுக்களவு, எடை 880 கிராம். பெரியது விழும்போது கூரையில் தடதடவென்று அடுக்கடுக்காகக் கேட்காது. இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக, சுத்தியலால் அடித்தது போலக் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் தெற்கே திருப்புங்கள்.

முதல் தடவைக்குச் சுற்றுலா நிறுவனம் நல்ல யோசனைதான். காசு அதிகம், ஆனால் வண்டி ஓட்டும் கவலை இல்லாமல் வானத்தைப் பார்க்கலாம். பலர் கூட்டமாகப் போவது எனக்குப் பிடிக்காது என்பதற்காக உங்களைத் தடுக்க மாட்டேன். தனியாக வருவதானால் முதல் பயணத்தை வீட்டுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை 287இல் விசிட்டா ஃபால்ஸ், சில்ட்ரஸ் பக்கம் நிலம் திறந்து கிடக்கும், மரங்கள் குறைவு. கிழக்கே ஆர்கன்சா, அலபாமா பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே குன்றும் காடும், நிறைய டொர்னாடோ இரவில் வரும், கண்ணெதிரே வரும்வரை தெரியாது. எங்கே இருந்தாலும் இருட்டியதும் துரத்தலை நிறுத்திவிட்டு அறைக்குத் திரும்புங்கள்.

மனைவிக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்களே, சொல்ல வேண்டாம். ஃபோர்ட் வொர்த் வானிலை அலுவலகம் குளிர்காலக் கடைசியில் ஸ்கைவார்ன் வகுப்புகள் நடத்தும், இணையத்திலும் உண்டு, கட்டணம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். வகுப்பு முடிந்ததும் அவருக்கு ஆர்வம் வந்தால், வரைபடம் பார்க்கும் இருக்கை அவருக்கு. அந்த இருக்கையில் இருப்பவர் "திரும்பு" என்றால் ஓட்டுபவர் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வண்டியில் சட்டம். அவருக்கு அந்தச் சட்டம் பிடித்துவிடும் என்று நினைக்கிறேன்.

உங்கள் நண்பரிடம் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். சில்ட்ரஸ் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை மாலை பஞ்சர் கடை கிடைப்பது கஷ்டம்.